பதினாறு வரி அட்டை

அமெரிக்கா போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, நயாகரா பார்த்தீர்களா என்பது. நான் பார்க்கவில்லை. என் தங்கையின் கணவர் ஓர் அட்டையைப் பார்க்கிறாரா இல்லையா என்று பார்க்கத்தான் அவள் என்னை வரவழைத்திருந்தாள். கேட்பவர்களிடம் இதைச் சொல்ல முடியாதல்லவா? அதனால் நயாகராவில் அப்போது தண்ணீர் குறைவு என்று சொல்லிவைத்தேன்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. ஆணி, தகடு, ரப்பர் பட்டை, சீட்டுத் துணி இவற்றோடு பழகியவன். மனிதர்களோடு அதிகம் பேசமாட்டேன். என் தங்கை கலா என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். புள்ளியியலில் பெரிய படிப்பு. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்துகொண்டு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை முரளி கம்ப்யூட்டர்காரர். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. அதைச் சரிசெய்யும் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஆறு வயதில் நித்யா. தமிழில் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண்.

போன மறுநாளே தொலைந்துபோனேன். அந்தக் குடியிருப்பில் எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. எங்கள் பட்டறையிலாவது ஒரே மாதிரி நிற்கும் பஸ்களை முதலாளியின் சாமி பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே கதவு, படி, புல்தரை எல்லாம் ஒன்றே. காலையில் நடக்கப் போனவன், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல், தட்டிக் கேட்கவும் கூச்சப்பட்டு, ஒரு மரத்தடியில் சாயங்காலம் வரை நின்றேன். கலாவின் கார் திரும்பியபோது, அப்போதுதான் கீழே இறங்கியவன் போல் கையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் அவள் என்னைத் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வீட்டுக்கு வீடு துவைக்கும் மெஷின் இல்லை. கட்டடத்துக்குப் பொதுவாக ஓர் அறை. கால் டாலர் காசு போட்டால் மெஷின் ஓடும். அந்த இரைச்சலில்தான் பேச ஆரம்பித்தாள்.

"அண்ணா, வீடியோ போக்கர்னா தெரியுமா?"

"சீட்டாட்டமா?"

"சீட்டுதான். ஆனா எதிர்ல ஆள் கிடையாது, மெஷின். காசு போட்டா ஸ்கிரீன்ல அஞ்சு சீட்டு வரும். வேணுங்கறதை வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளலாம். தள்ளினதுக்குப் பதிலா வேற வரும். ஜோடி, மூணு ஒண்ணா, எல்லாம் ஒரே இனம், இப்படி எது சேருதோ அதுக்குத் தகுந்த காசு. எதை வச்சுக்கறது, எதைத் தள்றது? அதான் மொத்த ஆட்டமும்."

மாப்பிள்ளை சூதாட்டக் கூடங்கள் நிறைந்த அட்லாண்டிக் சிட்டிக்குப் போய் அதை ஆடுகிறார். முதலில் இவள் கோபப்பட்டாள். பிறகு லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படித்து, கணக்குப் போட்டு, ஓர் அட்டை தயாரித்தாள். உள்ளங்கை அளவு, மேலே பிளாஸ்டிக் உறை. பதினாறு வரிகள். கையில் இருக்கும் சீட்டை மேலிருந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். முதலில் எது பொருந்துகிறதோ அதன்படி செய்ய வேண்டும். பதினாறாவது வரி எனக்கு மிகவும் பிடித்தது: எதுவுமே பொருந்தாவிட்டால் ஐந்தையும் தள்ளு.

"மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை போங்க, ஆனா இதைப் பார்த்து ஆடுங்கன்னேன். பார்த்து ஆடினா ஏறக்குறைய போட்டதெல்லாம் திரும்பி வந்துரும். சினிமாவுக்குப் போன செலவுதான் ஆகும். இவரானா எல்லாத்தையும் விட்டுட்டு வர்றார். கேட்டா, அட்டையைப் பார்த்துத்தான் ஆடறேங்கறார். ஒண்ணு என் அட்டை தப்பா இருக்கணும், இல்லாட்டி அவர் சொல்றது பொய்யா இருக்கணும். அட்டையை நாலு தடவை செக் பண்ணிட்டேன் அண்ணா."

மெஷின் நின்று, ஈரத் துணி தட்டென்று விழுந்தது.

"கலிஃபோர்னியாவில, பிளசன்டன்ல எனக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கு. மாசக் கடைசித் திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இவர் பொய் சொல்றார்னா நானும் நித்யாவும் மட்டும் போறோம். காசு போனா சம்பாதிச்சுக்கலாம். பொய்யை வச்சுக்கிட்டு ஒரே வீட்ல எப்படி இருக்கறது?"

"இதுல நான் என்ன பண்ண முடியும்?"

"கூடப் போய்ப் பாரு. இங்க வேற யார்கிட்டச் சொன்னாலும் அடுத்த பஜனைக்குள்ள எல்லா ஆன்ட்டிக்கும் தெரிஞ்சிரும். நீதான் பேசவே மாட்டியே."

அட்டையின் நகல் ஒன்றை எனக்கும் கொடுத்தாள். ஆங்கில வரி ஒவ்வொன்றின் கீழும் மெல்லிய பேனாவால் தமிழில் எழுதியிருந்தாள். வாங்கும்போதே என் கை கூசியது. காரணம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையில், இதே அளவு காகிதத்தில் சூத்திரங்களை எழுதி முழுக்கைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கும் தைரியம் வருவதற்கு முன்பே வியர்வையில் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை மூன்று ஹால் வழியாக ஆபீஸ் ரூமுக்கு நடத்திப்போனார். செப்டம்பரில் மறுபடி எழுதிப் பாஸ் செய்தேன். ஆனால் கரூரில் எங்கள் தெருவில் வெகுகாலம் என் பெயர் 'பிட்டு'. கலாவுக்கு அப்போது மூன்று வயது. அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

முதல் சனிக்கிழமை. ஒரு கடைத்தெருவின் கார் நிறுத்தத்திலிருந்து பஸ். பக்கவாட்டுத் தகட்டில் ஒரு ரிவெட் கூட வெளியே தெரியவில்லை. குனிந்து தடவிப் பார்த்தேன். மாப்பிள்ளை, "மச்சான், விலைக்கு வாங்கற மாதிரி பார்க்காதீங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றார். கண்டக்டர் கிடையாது. யாரும் பக்கத்தில் தட்டி ரைட் சொல்லாமலே வண்டி கிளம்பியது. பயணிகள் பாதிப் பேர் வயதான சீனப் பெண்கள். ஆட்டக்கூடமே ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுக்கிறது என்பதால் வருகிறார்களாம். நாங்கள் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்ததும் முன் சீட்டு அம்மாள் திரும்பினார். மணம் பிடிக்கவில்லையோ என்று மூடப் போனேன். அவர் ஓர் அவித்த முட்டையை என் கையில் வைத்துவிட்டு, சாதத்தைக் கைகாட்டினார். பண்டமாற்று நடந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றியது, தகரம் வெட்டும் பிரிவில் ஒரே நேரத்தில் நூறு பேர் வேலை செய்வதுபோல் இருக்கிறதே என்பதுதான். காசு விழும் ஓசை ஓயவே இல்லை. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. மேற்கூரை முழுக்கக் கறுப்புக் கண்ணாடிக் குமிழ்கள். அவற்றுக்குள் கேமராவாம்.

மாப்பிள்ளை ஒரு மெஷினில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குவளையில் காசோடு வேகவேகமாக ஆடினார். நான் பின்னால் நின்றேன். அட்டையை அவர் எடுக்கவில்லை. இரண்டு ஐந்தும் ஓர் ஆஸும் வந்தன. ஜோடியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது ஒன்பதாவது வரி. அவர் ஆஸையும் சேர்த்து வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை ஒரு ஜோடி மூன்றைத் தள்ளிவிட்டு ராஜாவைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது நான் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்திருந்ததால் ஒவ்வொன்றும் கண்ணில் குத்தியது.

அரை மணிக்கொரு தரம், "மச்சான், இதைப் பார்த்துக்கங்க" என்று குவளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாத்ரூம் போனார். நான்காவது தடவை எனக்குக் கவலையாகிவிட்டது; சர்க்கரை இருக்குமோ? பின்னாலேயே போனேன். கை கழுவும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். சாக்ஸுக்குள்ளிருந்து அட்டையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க மாப்பிள்ளை இது?"

"மச்சான், மெதுவா! மேல பூரா கேமரா. பிட் வச்சிருக்கறது தெரிஞ்சா வெளிய அனுப்பிருவான். கிரீன் கார்டு பிராசஸ்ல இருக்கு. பேர்ல ஒரு கேஸ் விழுந்தா அவ்வளவுதான்."

"அப்ப ஆடறப்ப பார்க்கறதே இல்லையா?"

"எப்படிப் பார்க்கறது? ஆடிட்டு வந்து இங்க பார்த்துக்குவேன், எங்க தப்புப் பண்ணினேன்னு."

பரீட்சை முடிந்து வாசலில் நின்று விடை சரிபார்ப்பது போல.

"கலாகிட்ட இதைச் சொல்லிரலாமில்லீங்க?"

"யூனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டர் நானு. பொண்டாட்டி எழுதிக் கொடுத்த பதினாறு வரியை நாலு மாசமா மனப்பாடம் பண்ண முடியலேன்னு சொல்லச் சொல்றீங்களா? முதல் தடவை வந்தப்ப பார்த்தீங்களான்னு கேட்டா, பார்த்தேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல முடியலை. நீங்களும் சொல்லிராதீங்க மச்சான்."

திரும்பும் நேரத்தில் பஸ் மாறி ஏறிவிட்டோம். தவறு என்னுடையது. நாற்பது பஸ் நிற்கும் கொட்டகையில், எனக்கு பஸ் தெரியும் என்ற கர்வத்தில் நான்தான் கைகாட்டினேன். அதே சீனப் பெண்கள் என்று நினைத்தேன்; வேறு சீனப் பெண்கள். வண்டி நியூயார்க் போகிறது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே ஓர் ஓய்விடத்தில் இறக்கிவிட்டார். போன் செய்ததும் கலா ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை காபி வாங்க உள்ளே போனதும் கேட்டாள்.

"பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"மெஷின்ல உட்கார்ந்து பார்த்தாரா?"

நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதும் ஒரு பொய்தான் என்று அன்றுதான் உணர்ந்தேன். "அடுத்த சனிக்கிழமையும் ஒருக்கா போயிட்டு வந்து சொல்றேன் கண்ணு."

"அண்ணா, அதுக்கடுத்த திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும்."

"தெரியும்."

அந்த வாரம் முழுக்க நானும் நித்யாவும் கம்பளத்தில் சீட்டைப் பரப்பி உட்கார்ந்தோம். அவள் ஐந்து சீட்டுப் போடுவாள். நான் அட்டையைப் பார்த்துத் தள்ளுவேன். "மாமா, நீங்க ரொம்ப ஸ்லோ" என்று ஆங்கிலத்தில் திட்டுவாள். "மெதுவா ஆடினா மெஷின் கோவிச்சுக்குமா?" என்பேன். ஒரு மத்தியானம் சீட்டைக் கலைத்துக்கொண்டே, கலிஃபோர்னியா வீட்டில் அப்பாவுக்கு அறை உண்டா என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்குப் புரியவில்லை என்று பாவனை செய்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். பிடிபட்டால் மாப்பிள்ளைக்குப் போவது கிரீன் கார்டு. என்னைப் பிடித்தால் என்ன செய்வார்கள்? ஊருக்கு அனுப்புவார்கள். கரூருக்குத்தானே? அதற்கு டிக்கெட் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் பிடிபடத் தகுதியானவன் நான்தான்.

உள்ளே போனதும் மாப்பிள்ளைக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்தேன். ஸ்கிரீனுக்குக் கீழே, எல்லோருக்கும் தெரியும்படி, நேராக நிறுத்தி வைத்தேன்.

"மச்சான்! என்ன பண்றீங்க? எடுங்க அதை!"

"நீங்க பாட்டுக்கு ஆடுங்க மாப்பிள்ளை. என்னைத் தெரியாத மாதிரி இருந்துக்கங்க."

அவர் அதை அப்படியே கடைப்பிடித்தார். குவளையை எடுத்துக்கொண்டு நான்கு மெஷின் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

காசைப் போட்டேன். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு ஆடினேன். பத்து ஆட்டம் போயிருக்கும். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார். எங்கள் பட்டறைக் கதவின் அகலம். காதில் ஒயர்.

"ஐயா, இது உங்களுடையதா?"

எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "யெஸ் சார்."

அட்டையை எடுத்தார், இரண்டு விரலால்தான். என் காதில் மூன்று ஹால்களின் பெஞ்சுச் சத்தமும் கேட்டது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"எங்கே வாங்கினீர்கள்? இங்கே கீழ்க்கடையில் விற்பதில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். என் அம்மாவுக்குக் கண் தெரிவதில்லை. இது எவ்வளவு பெரிதாக இருக்கிறது!"

விற்கிறார்களாம். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, கடையில்.

"மை சிஸ்டர்" என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை.

"இந்த எழுத்து?"

"டமில்."

"அழகு" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே நேராக நிறுத்திவிட்டு, சாய்ந்திருந்த என் நாற்காலியையும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வந்தார். "என்ன சொன்னான்? பாஸ்போர்ட் கேட்டானா?"

"எழுத்து நல்லா இருக்குதாம். இவங்க கடையிலேயே அட்டை விக்கறாங்களாம்."

"விக்கறானா?"

"பார்த்து ஆடலாமாம் மாப்பிள்ளை. யாரு வேணா."

அவர் மெதுவாகக் குனிந்து சாக்ஸுக்குள் கைவிட்டார். நான்கு மாத ஈரத்தில் அவர் அட்டையின் ஓரம் பிரிந்திருந்தது. அதையும் நிறுத்தினார். அவர் ஆட, நான் வரி படித்தேன். ஜோடிக்குப் பக்கத்தில் ஆஸைப் பிடிக்கப் போகும் அவர் கையை இரண்டு தடவை தட்டிவிட வேண்டியிருந்தது.

பிறகு அந்தக் கை வந்தது. ஐந்தும் ஆர்ட்டின். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா. ஐந்தாவது ஒரு நாலு. ஐந்தும் ஒரே இனம் என்பதால் அப்போதே நல்ல காசு கையில். ஆனால் இரண்டாவது வரி சொல்கிறது: நாலைத் தள்ளு. ஆர்ட்டின் ஆஸ் வந்துவிட்டால் அந்த மெஷினிலேயே பெரிய பரிசு.

"கையில இருக்கறதைப் போய்த் தள்ளுவாங்களா மச்சான்?"

"கலா எழுதியிருக்கறா."

"கலா இங்க இல்லையே!"

"அவ இருந்தா என்ன சொல்லுவாளோ அதான் இது."

கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். வந்தது கிளாவர் ஏழு. ஒரு காசு இல்லை. அந்த ஏழு மறுபடி மாறிவிடும் என்பதுபோல் இருவரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அட்டை தப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல. அட்டை சரி. ஏழு வந்தது நம்ம நேரம்." இன்னும் கொஞ்ச நேரம் வரி தவறாமல் ஆடினார். ஏறியது, இறங்கியது, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொட்டாவி விட்டார். இவ்வளவு நாளும் அந்தக் கூடத்தில் ஒரு தடவைகூடக் கொட்டாவி விட்டதில்லையாம்.

"மச்சான், இதுல நான் எதுக்கு இருக்கேன்? அட்டைதானே ஆடுது. தோத்தா என் தப்புன்னு வருத்தப்படவும் முடியலை, ஜெயிச்சா என் மூளைன்னு பீத்திக்கவும் முடியலை. இதுக்கு ஆபீஸ்ல ஓவர்டைம் பார்க்கலாம்." குவளையில் காசு முக்கால்வாசி இருந்தது. "பதினாறாவது வரி" என்று சொல்லி எழுந்தார்.

வெளியே வெயில் இருந்தது. கடலோரம் மைல்கணக்கில் மரப்பலகை நடைபாதை. இந்த ஊருக்கு இத்தனை தடவை வந்தும் கடல் எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. வறுத்த உருளைக்கிழங்கு வாங்கித் தின்றோம். அதன்மேல் வினிகர் ஊற்றித் தருகிறார்கள். ஊறுகாய்த் தண்ணீர் போல நன்றாகவே இருந்தது. கடற்பறவை ஒன்று என் பங்கிலிருந்து ஒரு துண்டைப் பறித்துப் போனது.

"கலாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றார்.

"பார்த்ததைச் சொல்லுவேன் மாப்பிள்ளை. ரெண்டு சனிக்கிழமையும்."

அவர் தலையாட்டினார். பஸ் கொட்டகையில் இந்த முறை அவரே எண் பார்த்து ஏற்றினார்.

வீட்டுக் கதவைக் கலா திறந்தாள். செருப்பைக் கழற்றவும் விடவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "பார்த்தாரா அண்ணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார். "இன்னிக்குத்தான் பார்த்தேன் கலா. இத்தனை நாள் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னது பொய்." சாக்ஸ், பாத்ரூம், கேமரா எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். ரேங்க் ஹோல்டர் என்பதையும் விடவில்லை.

கலா கேட்டுக்கொண்டிருந்தாள். நித்யா வந்து அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். அட்லாண்டிக் சிட்டி போய்வந்தால் காசு பட்டு அவர் விரல்கள் கறுத்திருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது அவள் வேலை. "இன்னிக்கு ரொம்ப அழுக்கு இல்லை" என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

"அட்டை எப்படி இருந்தது?" என்றாள் கலா கடைசியில்.

"சரியா இருந்தது. ஆனா உன் அட்டையை மாதிரி ஒரு போர் உலகத்துல கிடையாது."

நான் போனதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். நான் நித்யாவைக் கூட்டிக்கொண்டு, எங்கள் கட்டடம் கண்ணில் மறையாத தூரத்துக்குள் நடந்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அவள் பிளசன்டனுக்கு, வருவதாகப் பதில் அனுப்பினாள். மாப்பிள்ளை அதே வாரம் அங்கே வேலை தேடி விண்ணப்பங்கள் போட ஆரம்பித்தார். பாங்க் கார்டு கலாவிடம் இருக்கட்டும் என்று அவரே கொடுத்தார். அவள் முழுதாக மன்னித்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் லைப்ரரியிலிருந்து வீட்டு வரைபடப் புத்தகம் எடுத்து வந்து, மூன்று பேருக்கான அறைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "நீயே வச்சுக்கோ" என்று என் சட்டைப் பையில் செருகினாள்.

சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைக் கிளறினார். நித்யாவுடைய சீட்டுக்கட்டு, மாப்பிள்ளை வாங்கித்தந்த ஸ்பானர் செட், ஒரு பாட்டில் வினிகர். பிறகு என் சட்டைப் பையைக் காட்டினார். "அது என்னய்யா?"

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பிட்டுங்க சார்" என்றேன், வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "என் தங்கச்சி எழுதிக் கொடுத்தது."